மாரிக்கு முன்னரே இரத்தம் எடுத்து வைத்தால்: அடுத்த தொற்றுக்கு யாழ்ப்பாணம் தயாராவது எப்படி?

மாரிக்காலம் (இழையைத் தொடங்கியவர்)

2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயலோடு வந்த வெள்ளம் வற்றுவதற்குள் வடமராட்சிப் பக்கம் காய்ச்சலில் ஆட்கள் இறக்கத் தொடங்கினார்கள். காய்ச்சல், மூச்சு எடுக்கக் கஷ்டம், சில நாளில் மரணம். மாதிரிகளைப் பரிசோதித்த பிறகுதான், எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் தொற்றும் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. டிசம்பர் நடுப்பகுதிக்குள் குறைந்தது ஏழு பேர் போய்விட்டார்கள். பிறகு ஆபத்து உள்ளவர்களுக்கு டொக்சிசைக்கிளின் குளிசை கொடுத்தார்கள். அந்த வேலை வேகமாகவே நடந்தது, அதில் குறை சொல்ல நான் வரவில்லை.

நான் கேட்பது வேறு. அந்த நாட்களில் இன்னும் எத்தனை பேருக்கு அதே கிருமி தொற்றி, சும்மா காய்ச்சல் என்று பனடோல் போட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள்? எந்தெந்த ஊரில்? முந்திய மாரிகளிலும் இது இருந்ததா, இல்லை வெள்ளத்தோடு வந்ததா? ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் கணக்கை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. வெள்ளத்துக்கு முன்னர் அதே ஆட்களிடம் எடுத்த இரத்தம் கையில் இருந்தால் சொல்லலாம்.

நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள், அதனால் இது எனக்கு வெறும் தத்துவம் இல்லை. எலிக்காய்ச்சலுக்கு ஒரு தடவை எடுத்த இரத்தத்தில் பிறபொருளெதிரி (கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் புரதம்) இருந்தால், அது இப்போதைய தொற்றா, எப்போதோ வந்துபோனதன் மிச்சமா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. இரண்டு தடவை எடுத்து, இரண்டாவதில் அதன் அளவு நான்கு மடங்கு ஏறியிருந்தால்தான் இப்போதைய தொற்று என்று கையெழுத்துப் போடலாம். நோயாளி இறந்துவிட்டால் இரண்டாவது மாதிரிக்கு எங்கே போவது?

கோஹோர்ட் ஆய்வு என்பது இதற்குத்தான். சுகமாக இருக்கிறவர்களைத் தெரிந்தெடுத்து, அவர்களுடைய விபரமும் கொஞ்ச இரத்தமும் எடுத்து வைத்து, வருடா வருடம் அவர்களையே பின்தொடர்வது. நோய் வந்த பிறகு நோயாளியைத் தேடுவதற்கு நேரெதிர். யாழ்ப்பாணத்தில் காய்ச்சல்களுக்கென்று இப்படி ஒரு குழுவை உருவாக்கலாமா, உருவாக்கினால் எங்கே, யாரை வைத்து என்று கதைப்போம்.

பனங்கூடல்

பிள்ளை, நல்ல நோக்கம். ஆனால் நம்மிடம் ஏற்கெனவே ஒரு முறை இருக்கிறது. 1897இல் போட்ட தொற்றுநோய்க் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. டெங்கு, எலிக்காய்ச்சல் என்று சந்தேகம் வந்தவுடன் எச் 544 படிவம் சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போகிறது, பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீட்டுக்கு வருகிறார், வாரா வாரம் கணக்கு வெளிவருகிறது. பல நாடுகளில் இந்த ஒழுங்கே இல்லை. இருக்கிறதைப் பலப்படுத்தாமல் புதிதாக ஒன்றைத் தொடங்கி, காசு முடிந்ததும் கைவிட்டுவிட்டால் யாருக்கு லாபம்? திட்டம் முடிந்ததும் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு போனவர்களை நாங்கள் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம். ஆசிரியராக இருந்த காலத்தில் என் வகுப்புப் பிள்ளைகளிடம் வந்து கேள்விக்கொத்து நிரப்பிக்கொண்டு போனவர்களில் ஒருவராவது முடிவைத் திரும்பக் கொண்டுவந்து காட்டியதில்லை.

மாரிக்காலம்

ஐயா, எச் 544 வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அது ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தவரைத்தான் எண்ணும். உலகம் முழுக்க வருடத்துக்கு 39 கோடிப் பேருக்கு டெங்கு தொற்றுகிறது, அதில் நோயாக வெளியே தெரிவது 9.6 கோடிதான் என்று 2013இல் ஒரு மதிப்பீடு வந்தது. நாலில் மூன்று பங்கு சத்தமில்லாமல் போகிறது. அந்தச் சத்தமில்லாத தொற்றுத்தான் டெங்குவில் அடுத்த தடவைக்கான ஆபத்தை முடிவுசெய்கிறது. முதல் தொற்று லேசாகப் போய், டெங்கு வைரஸின் நான்கு வகைகளில் வேறொன்றால் வரும் இரண்டாவது தொற்றில்தான் பெரும்பாலும் பிள்ளை ஐசியூவுக்குப் போகிறது. 2017இல் நாடு முழுக்க 1,86,000க்கு மேல் டெங்கு பதிவானதே, அப்போது கொழும்பில் ஆட்சி செய்தது 2ஆம் வகை. அதற்கு முந்திய வருடங்களில் 1ஆம் வகை. இங்கே எந்த ஊர்ப் பிள்ளைகள் எந்த வகையைச் சந்தித்திருக்கிறார்கள் என்பதை எச் 544 சொல்லாது.

எண்கணியன்

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். மருத்துவப் புள்ளிவிபரம் என் தொழில். அக்கா சொன்னதற்கு உலகத்தில் சிறந்த உதாரணம் நிகரகுவா. தலைநகர் மனாகுவாவில் 2004இல் டெங்குவுக்காக ஒரு சிறுவர் குழுவைத் தொடங்கினார்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள், எல்லோரும் ஒரு சுகாதார நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் இருப்பவர்கள். வருடத்துக்கு ஒரு தடவை சுகமாக இருக்கும்போது இரத்தம் எடுப்பார்கள். காய்ச்சல் என்றால் தாய்மார் அந்த நிலையத்துக்கே கொண்டுவர வேண்டும், சிகிச்சை இலவசம். ஏழை நாடுதான், கெட்டித்தனம் ஒழுங்கில் இருந்தது.

பத்து வருடம் கழித்து 2014இல், டெங்கு போலவே நுளம்பால் வரும் சிக்குன்குன்யா அந்த நாட்டுக்குள் வந்தது, 2016இல் அதே வழியில் தொற்றி, கருவில் உள்ள குழந்தையையும் பாதிக்கக்கூடிய சிக்கா பரவியது. இரண்டுக்கும் அவர்கள் புதிதாக எதையும் கட்டத் தேவையில்லை. முந்திய வருட இரத்தம் குளிரூட்டியில் இருந்தது, தாய்மாருக்கு எங்கே போவதென்று தெரிந்திருந்தது. புதுக் கிருமி எத்தனை பிள்ளைகளுக்குத் தொற்றியது, எத்தனை பேருக்கு வருத்தமாக வெளிப்பட்டது என்று அளக்க முடிந்தது. அதைவிடப் பெரிய விடயம், 2017இல் வெளியிட்டார்கள்: இரத்தத்தில் டெங்கு பிறபொருளெதிரி நடுத்தர அளவில் இருக்கும் பிள்ளைக்குத்தான் கடும் டெங்கு வரும் வாய்ப்பு அதிகம். அறவே இல்லாதவரும் தப்புகிறார், நிறைய உள்ளவரும் தப்புகிறார். 2020இல் அடுத்தது: சிக்கா வந்துபோன பிள்ளைக்கு டெங்கு 2ஆம் வகை வந்தால் ஆபத்து கூடும். நோய் வருவதற்கு முன் எடுத்த இரத்தம் இல்லாமல் இந்த இரண்டையும் கண்டுபிடித்திருக்க வழியே இல்லை.

இதே சிக்காவில் மற்ற நாடுகளுக்கு நடந்ததைப் பாருங்கள். 2016 பெப்ரவரி 1ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை அறிவித்தது, நவம்பர் 18இல் முடித்துக்கொண்டது. அதற்குள் அனுமதி எடுத்து, காசு தேடி, கர்ப்பிணித் தாய்மாரைச் சேர்த்த பல ஆய்வுகளுக்கு ஆட்கள் கிடைத்தபோது தொற்று அடங்கிவிட்டது. கிருமி நம்முடைய படிவங்கள் முடியும்வரை காத்திருக்காது.

வடமராட்சியான்

எங்கள் பக்கத்துக் கதையைத் தொட்டதால் எழுதுகிறேன். அந்த மாரியில் கரவெட்டி, பருத்தித்துறைப் பக்கம் எல்லாருக்கும் பயம். வயலுக்குள் இறங்காமல் இருக்கவும் முடியாது, விதைத்தாயிற்று. பள்ளிப் பிள்ளைகளை மட்டும் வைத்து ஆய்வு செய்தால் எலிக்காய்ச்சல் அதற்குள் அகப்படாது. இறந்தவர்கள் வேலை செய்கிற வயது ஆட்கள். எங்கள் ஆட்கள் காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி போவது மூன்றாம் நாள், நாலாம் நாள்தான். அதுவும் வீட்டுக்காரி சண்டை பிடித்தால். இந்த வழக்கத்தை மாற்றாமல் எத்தனை இரத்தம் எடுத்தாலும் பிரயோசனம் குறைவு என்பது என் எண்ணம்.

இன்னொன்று. வயல் மட்டும் இல்லை. வெள்ளம் வந்தால் கிணறும் மலசலகூடமும் ஒன்றாகிவிடுகிறது. நமக்குச் சுண்ணாம்புக்கல் நிலம், மேலே ஊற்றியது கீழே போகும். யாரைச் சேர்க்கிறீர்களோ அவர்களுடைய கிணற்றுத் தண்ணீரையும் சேர்த்து எடுத்து வையுங்கள்.

எண்கணியன்

கிணற்று யோசனை மிக நல்லது, அதை நான் எங்கும் பார்க்கவில்லை. ஆளையும் தண்ணீரையும் சேர்த்துப் பின்தொடர்ந்தால் கிருமி எந்த வழியாக வந்தது என்பதற்கு ஆதாரம் கிடைக்கும்.

ஆனால் எண்ணிக்கையில் கவனம் வேண்டும். கணக்குக்காக ஒன்று எடுப்போம்: 1000 பேர் குழுவில், வருடத்துக்கு நூற்றுக்கு இரண்டு பேருக்கு ஒரு நோய் தொற்றுகிறது என்று வைத்தால் 20 தொற்று. அதில் கால்பங்குதான் வருத்தமாகத் தெரிந்தால் ஐந்து பேர். கடுமையானவர் அநேகமாக ஒருவரும் இருக்கமாட்டார். அப்போ 1000 பேரை வைத்து, யாருக்குத் தொற்றுகிறது என்று கேட்கலாம், யார் இறப்பார் என்று கேட்க முடியாது. அதற்குப் போதனா வைத்தியசாலைப் பதிவுகளோடு இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் மனாகுவா போல ஆயிரக்கணக்கில் சேர்த்து, பல வருடம் பொறுமையாக இருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற மருத்துவமாது

எல்லாவற்றையும் வாசித்தேன், பிள்ளைகள். நான் குடும்பநல உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவள். நீங்கள் கோஹோர்ட் என்று சொல்கிற வேலையின் பாதியை எங்கள் ஆட்கள் பெயர் வைக்காமல் காலங்காலமாகச் செய்கிறார்கள். கர்ப்பமான நாளில் இருந்து பதிவேட்டில் பெயர், பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, நிறை, ஊசி. எந்த வீட்டில் எந்தப் பிள்ளை, யார் இடம்பெயர்ந்து போனார், யார் திரும்பி வந்தார் என்று அந்தப் பிரிவு மருத்துவமாதுவிடம் கேட்டால் சொல்வாள். ஆய்வுக்கு வருகிறவர்கள் இதை விட்டுவிட்டுத் தனியாக ஆள் போட்டுக் கதவு தட்டினால், முதல் வருடம் திறப்பார்கள், இரண்டாம் வருடம் திறக்கமாட்டார்கள்.

பிள்ளைகளுக்கு 3 வயதில் எம்எம்ஆர் இரண்டாவது ஊசி, 5 வயதில் இன்னொன்று. அந்த நாளில் தாய் எப்படியும் கிளினிக்குக்கு வருவாள். அன்றைக்கே விரல் நுனியில் ஒரு சொட்டு எடுக்கலாம். தனியாக ஒரு நாள் வரச்சொன்னால், நாள் கூலிக்குப் போகிறவளுக்கு அந்த நாள் சம்பளம் போகும். அதைக் கொடுக்கவும் யோசித்து வையுங்கள்.

வேலை செய்கிற ஆம்பிளைகளைப் பிடிக்கிறதுதான் கஷ்டம். கமக்காரர் அமைப்பு, கடற்றொழிலாளர் சங்கம் வழியாகப் போனால்தான் முடியும். பின்னேரத்தில் போக வேண்டும்.

குருநகர்க்காரி

நான் தாய். மருத்துவம் படிக்கவில்லை. எங்கள் பக்கம் உவர் கிணற்றிலேயே டெங்கு நுளம்பு முட்டையிட்டு வளர்கிறது என்று யாழ் பல்கலைக்கழக ஆட்கள் கண்டுபிடித்தது எனக்குத் தெரியும். நல்ல தண்ணீரில் மட்டும்தான் வளரும் என்று நாங்கள் நம்பியிருந்தோம். அதனால் ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் நேரே கேட்கிறேன். என் பிள்ளையின் இரத்தம் எங்கே போகும்? வெளிநாட்டுக்கா? பத்து வருடம் வைத்திருந்து எங்களிடம் கேட்காத ஒன்றுக்குப் பாவிப்பார்களா? பிள்ளைக்கு ஏதோ இருக்கிறதென்று தெரிந்தால் எங்களுக்குச் சொல்வார்களா? போரில் இருந்த சனம் நாங்கள். பெயர் எழுதிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் இன்னும் நெஞ்சு படபடக்கும். விதானையார் சொன்னார் என்பதற்காகக் கையெழுத்துப் போட்ட காலம் போய்விட்டது.

மாரிக்காலம்

அக்கா, இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் ஒரு சொட்டும் எடுக்கக் கூடாது. நீங்கள் சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2007இல் இந்தோனேசியா பறவைக் காய்ச்சல் வைரஸ் மாதிரிகளை உலக சுகாதார நிறுவனத்தோடு பகிர மறுத்தது. மாதிரி எங்களிடம் இருந்து போகிறது, அதில் செய்யும் தடுப்பூசியைப் பிறகு நாங்களே விலை கொடுத்து வாங்க வேண்டுமா என்று கேட்டார்கள். 2025 மே மாதம் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட பெருந்தொற்று உடன்படிக்கையிலும் இழுபறியாக நின்றது இந்த இடம்தான். நம் நாட்டில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் வந்துவிட்டது, சுகாதாரத் தகவலுக்கு அதில் கூடுதல் பாதுகாப்பு உண்டு.

பெயர் ஒரு இடத்தில், இரத்தம் வேறு இடத்தில், இரண்டையும் இணைக்கும் இலக்கம் மூன்றாவது இடத்தில் இருக்க வேண்டும். பிறகு எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் மிச்ச இரத்தத்தை அழிக்க வேண்டும். ஒவ்வொரு புதிய பாவனைக்கும் நெறிமுறைக் குழுவிடம் போக வேண்டும், அந்தக் குழுவில் உங்களைப் போன்ற ஒரு தாய் இருக்க வேண்டும். இதெல்லாம் பேராசை இல்லை.

பனங்கூடல்

அது சரி. நான் கேட்ட காசுக் கேள்வி அப்படியே நிற்கிறது. அதோடு இன்னொன்று: 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. டீசலும் இல்லை. மைனஸ் 80 பாகையில் வைக்க வேண்டிய இரத்தத்தை நீங்கள் எப்படிக் காப்பாற்றியிருப்பீர்கள்?

மாரிக்காலம்

ஐயா, அந்த நாட்கள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மருத்துவமாது அம்மா சொன்ன விரல்நுனிச் சொட்டு அதற்கு விடை. தடித்த வடிதாளில் சொட்டை விட்டு, காயவைத்து, ஈரம் உறிஞ்சும் பையோடு மூடி வைத்தால் பிறபொருளெதிரிப் பரிசோதனைக்குப் போதும். கொஞ்சக் காலம் அறை வெப்பநிலையே தாங்கும், நீண்ட காலத்துக்கு சாதாரண ஆழ்குளிரூட்டி, மைனஸ் 20. பிறந்த குழந்தைகளின் குதிக்காலில் எடுத்துப் பரிசோதிக்கும் முறையும் இதுதான். இதில் உயிருள்ள வைரஸை வளர்க்க முடியாது, இரத்தமும் கொஞ்சம்தான் கிடைக்கும், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். காய்ச்சல் வந்த ஆளிடம் மட்டும் முழு மாதிரி எடுத்து, மைனஸ் 80இல் வைக்கலாம். அந்த எண்ணிக்கை சிறியது, ஒரு குளிரூட்டியும் ஒரு ஜெனரேட்டரும் போதும்.

காசைப் பற்றி: எல்லா நோய்க்கும் ஒரே குழு. அதுதான் செலவைத் தாங்க வைக்கும். டெங்கு, சிக்குன்குன்யா, எலிக்காய்ச்சல் மூன்றுக்கும் அதே சொட்டு. சிக்குன்குன்யா 2006 கடைசியில் யாழ்ப்பாணத்தை ஆட்டியது, மூட்டு வலியோடு மாதக்கணக்கில் கிடந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு அதற்கு எதிர்ப்பு இருக்காது என்று எதிர்பார்க்கலாம். 2024 கடைசியில் இருந்து தெற்கில் மறுபடி வந்திருக்கிறது.

மலேரியா இன்னும் பயம். 2016இல் நாடு மலேரியா அற்றது என்று சான்றிதழ் வாங்கியது. அதே வருட டிசம்பரில் மன்னாரில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பைக் கண்டார்கள், பிறகு யாழ்ப்பாணத்திலும். கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் வளரக்கூடிய நுளம்பு. நுளம்பு வந்துவிட்டது, ஒட்டுண்ணி வெளிநாட்டில் இருந்து வரும் பயணி ஒருவரோடு வரலாம், எங்கள் பிள்ளைகளுக்கு மலேரியா என்னவென்றே தெரியாது.

எண்கணியன்

தடுப்பூசி வரும்போதும் இது உதவும். டெங்குவுக்கு முதலில் வந்த டெங்வாக்சியாவை 2016இல் பிலிப்பைன்ஸில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டார்கள், எட்டு லட்சத்துக்கு மேல். 2017 நவம்பரில் கம்பனியே அறிவித்தது: முன்னர் டெங்கு வராத பிள்ளைக்குப் போட்டால், பிறகு கடும் டெங்கு வரும் ஆபத்து கூடுகிறது. ஏன் இவ்வளவு தாமதம்? தடுப்பூசியைச் சோதித்துப் பார்த்த ஆய்வில் சேர்ந்த பிள்ளைகளில் சிறு பகுதியினரிடம்தான் ஊசிக்கு முன் இரத்தம் எடுத்திருந்தார்கள். பிறகு, ஊசி போட்டு ஒரு வருடம் கழித்து எடுத்த மாதிரிகளை வைத்து, புதுப் பரிசோதனை ஒன்றால் பின்னோக்கிக் கணித்தார்கள். அந்த நாட்டில் தாய்மாருக்கு மற்றத் தடுப்பூசிகள் மீதும் நம்பிக்கை குறைந்தது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கையில் கிடைக்கும் இரத்தத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது. பிரேசிலின் மனாஸ் நகரில் இரத்த வங்கிக் கொடையாளரை வைத்து, 2020 ஒக்டோபருக்குள் 76 வீதம் பேருக்குக் கொரோனா வந்துபோய்விட்டது என்று கணித்தார்கள். 2021 ஜனவரியில் அங்கே இரண்டாவது அலை ஒக்சிஜன் இல்லாத அளவுக்கு அடித்தது. புது வகை வைரஸும் காரணம், ஆனால் கொடையாளர்கள் முழு நகரையும் பிரதிபலிப்பவர்கள் இல்லை என்பதும் ஒன்று. பிரிட்டனில் ஐந்து லட்சம் பேரின் இரத்தத்தையும் விபரத்தையும் சேமித்துப் பின்தொடரும் பயோபாங்கிலும், அழைத்தவர்களில் 5.5 வீதமானவர்கள்தான் சேர்ந்தார்கள், சேர்ந்தவர்கள் பொதுவாகச் சுகதேகிகள். நாங்களும் யாழ் நகரில் படித்த குடும்பங்களை மட்டும் சேர்த்துவிட்டு அதை யாழ்ப்பாணம் என்று சொல்லிவிடக் கூடாது. தீவகம், மருதங்கேணி இல்லாமல் சரிவராது.

வடமராட்சியான்

வெளிநாடு போவதை யாரும் சொல்லவில்லையே. எங்கள் ஒழுங்கையில் இளம் ஆட்கள் பாதி கனடா, பிரான்ஸ். இன்றைக்குச் சேர்த்தவன் ஐந்து வருடத்தில் எங்கே இருப்பான்?

எண்கணியன்

சரியான கேள்வி, அண்ணா. வருடத்துக்குப் பத்து வீதம் பேர் விலகினால், 1000 பேர் ஐந்து வருடத்தில் 590 ஆகிவிடும். மனாகுவாவில் செய்தது போல ஒவ்வொரு வருடமும் புதுச் சின்னப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். பெரியவர்களில் மூத்தவர்களையும் கொஞ்சம் கூடுதலாகச் சேர்க்கலாம், அவர்கள் ஊரில்தான் நிற்பார்கள். போனவரின் பெயரை உடனே வெட்டிவிடாமல், ஏன் போனார் என்று எழுதி வைக்க வேண்டும். போனவர்களும் நின்றவர்களும் ஒரே மாதிரி இல்லாவிட்டால் நம் முடிவே பிழைக்கும்.

முதல் அடியாக ஆஸ்பத்திரி ஊழியர்களில் இருந்து தொடங்கலாம் என்பது என் ஆலோசனை. 2020 ஜூனில் பிரிட்டனில் சைரன் என்ற ஆய்வு அப்படித்தான் தொடங்கியது. ஒருமுறை கொரோனா வந்தவருக்கு அடுத்த ஏழு மாதத்தில் மறுபடி தொற்றும் ஆபத்து 84 வீதம் குறைவு என்று முதலில் தெளிவாகச் சொன்னவற்றில் அது ஒன்று. தாதியர், துப்புரவுப் பணியாளர், சாரதிகள் எல்லாரும் தினமும் ஒரே இடத்துக்கு வருகிறவர்கள், தேடிப் போகத் தேவையில்லை.

ஓய்வுபெற்ற மருத்துவமாது

ஊழியரில் தொடங்குவது சரி, தம்பி. ஆனால் மேலதிகாரி சொன்னார் என்று கீழ் ஊழியர் மறுக்க முடியாமல் சேரக் கூடாது. துப்புரவுப் பிள்ளைகள் இல்லை என்று சொல்லமாட்டார்கள், அவர்களிடம் வெளியாள் ஒருவர்தான் சம்மதம் கேட்க வேண்டும்.

குருநகர்க்காரி

நாங்கள் சேர்வதென்றால் என் பக்கத்து நிபந்தனைகள்: காய்ச்சல் என்றால் ஞாயிறோ போயாவோ அன்றைக்கே பார்க்க ஒரு ஆள், ஒரு தொலைபேசி இலக்கம். வருடத்தில் ஒரு தடவை முடிவைத் தமிழில், கோயில் மடத்திலோ மாதா கோயில் மண்டபத்திலோ வந்து எங்கள் முன்னால் சொல்ல வேண்டும். என் பிள்ளையின் சொட்டு வெளிநாடு போவதென்றால் போகமுதல் என்னிடம் கேட்க வேண்டும். இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் தந்தால் எங்கள் ஒழுங்கையில் நானே வீடு வீடாகக் கதைப்பேன்.

மாரிக்காலம்

மூன்றையும் அப்படியே வரைவில் எழுதுகிறேன், அக்கா. பனங்கூடல் ஐயா, முடிவைத் திரும்பக் கொண்டுவரும் வேலையைக் கண்காணிக்க உங்களைப் போன்ற ஆசிரியர் ஒருவர் தேவை, யோசித்துச் சொல்லுங்கள். காலத்தைப் பற்றி ஒன்று: இங்கே டெங்கு ஏறுவது மார்கழி, தையில். மழை ஐப்பசியில் தொடங்கிவிடும். ஆகவே சுகமாக இருக்கும்போது எடுக்கும் சொட்டு ஆவணி, புரட்டாதிக்குள் முடிய வேண்டும். நெறிமுறை அனுமதிக்கு மாதக்கணக்கில் எடுக்கும் என்பதால், மருத்துவ பீடத்தின் சமுதாய மருத்துவத் துறையில் தெரிந்தவர்கள் இருந்தால் இந்த வாரமே இழையில் எழுதுங்கள்.